பத்தொன்பதாம் எண் வண்டியின் வீட்டுக்காரர்கள்

நியூயார்க் பென் ஸ்டேஷனிலிருந்து பிற்பகலில் கிளம்புகிறது கிரெசண்ட். எண் 19. மறுநாள் இரவு நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர வேண்டும். சுமார் 2,200 கி.மீ. பெட்டிகளின் மேல் ஆம்ட்ராக் என்று எழுதியிருக்கிறது. டிக்கெட் பார்ப்பவர், எஞ்சின் ஓட்டுபவர், படுக்கை விரித்துக் கொடுப்பவர், காபி விற்பவர் எல்லாரும் ஆம்ட்ராக்கின் ஆட்கள். அமெரிக்க அரசு பணம் போட்டு நடத்தும் தேசியப் பயணி ரயில் நிறுவனம் அது. ஆனால் இந்த வண்டி போகும் தூரத்தில் முதல் ஆறில் ஒரு பங்குக்குத்தான் தண்டவாளம் ஆம்ட்ராக்குக்குச் சொந்தம். மீதித் தூரமெல்லாம் குடித்தனம்.

நமக்கு இது சட்டென்று பிடிபடாது. நம் ஊரில் தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன், ஓரத்து நிலம், ஓடும் வண்டி எல்லாம் ரயில்வேயுடையது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு கூட்ஸ் லூப் லைனில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். அமெரிக்காவில் பயணி வண்டி அரசினுடையது, பாதை கூட்ஸ் கம்பெனியுடையது. ஆம்ட்ராக் வண்டிகள் நாடு முழுக்க ஏறத்தாழ 34,000 கி.மீ. பாதையில் ஓடுகின்றன. அதில் ஆம்ட்ராக்கின் சொந்தப் பாதை நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான்.

இந்த ஏற்பாடு திட்டம் போட்டுச் செய்ததல்ல, ஒரு கைகழுவலில் பிறந்தது. 1960களின் முடிவில் அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்குப் பயணிகள் பெரும் பாரமாகியிருந்தார்கள். விமானமும் புதிய நெடுஞ்சாலைகளும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. கையில் மிஞ்சியிருந்த தபால் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றைத் தபால் துறை 1967-இல் ரத்து செய்தது. நட்டத்தில் ஓடினாலும் நினைத்தபோது வண்டியை நிறுத்திவிட முடியாது, அதற்கு அனுமதி வாங்க வேண்டும். 1970 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. பயணி வண்டிகளை ஒரு புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கு விலையாக 1969-ஆம் ஆண்டின் பயணி நட்டத்தில் பாதியைப் பணமாகவோ பெட்டி எஞ்சினாகவோ கொடுக்க வேண்டும். கூடவே புதிய நிறுவனத்தின் வண்டிகளைத் தன் தண்டவாளத்தில் ஓடவிட வேண்டும். வண்டி ஓடுவதால் கூடுதலாக ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் வாடகை கேட்கக் கூடாது.

தகுதியுள்ள 26 கம்பெனிகளில் 20 ஒப்புக்கொண்டன. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஏறக்குறைய பாதி அன்றோடு நின்றுபோயின. புதிய நிறுவனத்திடம் ஓர் அடி தண்டவாளம்கூட இல்லை. பெட்டிகள் பழையவை, எஞ்சின்கள் பழையவை, தொடக்க ஆண்டுகளில் வண்டியை ஓட்டியவர்கள்கூடப் பழைய கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்தான். கொடுத்த பணத்துக்கு ஈடாகச் சில கம்பெனிகள் வரிச்சலுகை பெற்றன. நான்கு கம்பெனிகள் மட்டும் ஆம்ட்ராக்கின் சாதாரணப் பங்குகளை வாங்கிக்கொண்டன. அதில் ஒன்று பென் சென்ட்ரல். அது திவாலாகி, ரயிலை விட்டொழித்து, பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனியாக மாறியது. தேசிய ரயில் நிறுவனத்தின் சாதாரணப் பங்குகளில் பாதிக்கு மேல் பல பத்தாண்டுகளுக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில் இருந்தது. அந்தப் பங்குக்கு லாபம் வந்ததில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எண் 19 கிளம்பி, ஹட்சன் ஆற்றுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் இறங்குகிறது. 1910-இல் பென்சில்வேனியா ரயில்ரோடு போட்ட சுரங்கம் இது. பென் ஸ்டேஷனின் பெயரிலுள்ள ‘பென்’ அந்தக் கம்பெனிதான். ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய ரயில் கம்பெனி. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை 1930களில் மின்கம்பி இழுத்ததும் அதுவே. 1968 பிப்ரவரியில் பரம்பரைப் போட்டியாளரான நியூயார்க் சென்ட்ரலுடன் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயிற்று. 1970 ஜூனில் மஞ்சள் கடிதாசி கொடுத்தது. இரண்டரை ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த வட்டாரத்தின் மற்றக் கம்பெனிகளும் வரிசையாகச் சாய்ந்தன. 1976 ஏப்ரல் 1 அன்று அந்த உடைசல்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து கான்ரெயில் என்ற சரக்கு நிறுவனத்தை அரசு உண்டாக்கியது. பயணி வண்டிகளுக்கு முக்கியமான கடலோரப் பாதையை மட்டும் தனியே பிரித்து ஆம்ட்ராக் கையில் கொடுத்தது.

ஆம்ட்ராக் வீட்டுக்காரர் ஆனது இப்படித்தான். அதுவும் முழுதாக இல்லை. பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரையுள்ள 735 கி.மீ. பாதையில் ஆம்ட்ராக்குக்குச் சொந்தமானது சுமார் 584 கி.மீ. நியூயார்க் மாநிலத்து நியூ ரோஷெல்லிலிருந்து கனெக்டிகட்டின் நியூ ஹேவன் வரை உள்ள துண்டு அந்த இரு மாநிலங்களின் கையில் இருக்கிறது. ரோட் ஐலண்ட் எல்லையிலிருந்து பாஸ்டன் வரையுள்ள துண்டு மாசசூசெட்ஸுடையது. எண் 19 தெற்கே போவதால் அந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

வாஷிங்டன் வரையுள்ள இந்தப் பாதையில் ஆம்ட்ராக் வண்டிகள் மணிக்கு இருநூறு கி.மீ. வேகத்தை எட்டுகின்றன. சொந்த வீட்டில் சுகம் இருக்கிறது, செலவும் இருக்கிறது. ஹட்சன் சுரங்கம் 2012 சாண்டி புயலில் கடல் நீர் புகுந்து உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. ஹாக்கென்சாக் ஆற்றின் மேல் 1910-இல் கட்டிய போர்ட்டல் பாலம் படகுக்காகத் திறந்தபின் சில நேரம் திரும்ப மூடிக்கொள்ளாமல் போனதுண்டு. ஆட்கள் சம்மட்டியால் அடித்துச் சரியாக உட்கார வைத்ததுண்டு. பால்டிமோர் சுரங்கம் 1873-ஆம் ஆண்டினது. இந்தப் பாதையில் ஆம்ட்ராக் வண்டிகளைவிட நியூஜெர்சி டிரான்சிட் போன்ற புறநகர் வண்டிகள்தான் அதிகம். 2024 கோடையில் மின்கம்பிக் கோளாறு திரும்பத் திரும்ப வந்து அந்தப் பயணிகள் மணிக்கணக்கில் தவித்தபோது, வசவு முழுக்க வீட்டுக்காரரான ஆம்ட்ராக்குக்கு விழுந்தது. இன்னொரு வேடிக்கை: தெற்கே போனால் கிரெசண்ட்டை அடிக்கடி காக்கவைக்கும் நார்ஃபோக் சதர்ன் என்ற கூட்ஸ் கம்பெனி இங்கே குடித்தனக்காரர். பால்டிமோர் பக்கம் தன் சரக்கு வண்டிகளைப் பெரும்பாலும் இரவில், ஆம்ட்ராக் இடம் கொடுக்கும் நேரத்தில்தான் ஓட்டிக்கொள்கிறது.

வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். ஸ்டேஷன் கட்டடம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையுடையது. எஞ்சின் மாற்றும் அந்த இடைவெளியில் தெரியாமல் இன்னொன்றும் மாறுகிறது. மின்கம்பி முடிகிற இடம்தான் ஆம்ட்ராக்கின் சொத்தும் முடிகிற இடம். இதற்குப் பின் மணிக்கு சுமார் 127 கி.மீ. வேகமே பெரும்பாலும் உச்சம். 1946-இல் சிகாகோ அருகே நேப்பர்வில்லில் ஒரு விபத்து நடந்தது. இந்த வேகத்துக்கு மேல் ஓட வேண்டுமானால் எஞ்சினுக்குள்ளேயே சிக்னல் காட்டும் கருவி வேண்டும் என்று அடுத்த ஆண்டு அரசு உத்தரவிட்டது. கூட்ஸ் ஓட்டும் கம்பெனிக்கு அந்தச் செலவால் என்ன லாபம்? பெரும்பாலான இடங்களில் போடவில்லை.

முதல் குடித்தனம் சில கிலோமீட்டர்தான். பொடோமாக் ஆற்றைக் கடக்கும் லாங் பிரிட்ஜ் சி.எஸ்.எக்ஸ். கம்பெனியுடையது. இரண்டே தண்டவாளம். சரக்கு வண்டிகளும் புறநகர் வண்டிகளும் ஆம்ட்ராக்கும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். 2019-இல் வெர்ஜீனியா மாநில அரசு ஒரு முடிவுக்கு வந்தது. கூட்ஸ் கம்பெனியிடம் ஒவ்வொரு வண்டிக்கும் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட விலைக்கு வாங்கிவிடலாம். 525 மில்லியன் டாலருக்கு சி.எஸ்.எக்ஸிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல் நிலத்தையும் தண்டவாளத்தையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் பயணி வண்டிகளுக்கென்றே இரண்டாம் பாலம் கட்டும் வேலை 2024-இல் தொடங்கியது. இந்தக் கதையில் வரும் பலரில் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது வெர்ஜீனியா அரசுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் வாங்குவதற்கு முன் பாதையை வாங்கு என்பதுதான் அவர்கள் கணக்கு.

அலெக்ஸாண்டிரியாவைத் தாண்டினால் நார்ஃபோக் சதர்னின் ராஜ்ஜியம். வெர்ஜீனியாவுக்குள் சில துண்டுகளை மாநிலம் வாங்கத் தொடங்கியிருந்தாலும், நியூ ஆர்லியன்ஸ் எல்லை வரை சிக்னல் போடும் கை அந்தக் கம்பெனியுடையதே. இந்தக் கம்பெனியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிரெசண்ட் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை.

1894-இல் நிதியாளர் ஜே.பி. மார்கன் தெற்கில் திவாலாகிக் கிடந்த கம்பெனிகளைச் சேர்த்து சதர்ன் ரயில்வேயை உருவாக்கினார். நியூ ஆர்லியன்ஸ் வரை போகும் அதன் பெருமைமிக்க வண்டி பிற்காலத்தில் சதர்ன் கிரெசண்ட் என்ற பெயரில் ஓடியது. 1971-இல் மற்றவர்கள் பயணி வண்டிகளைத் தலைமுழுகியபோது சதர்ன் மறுத்துவிட்டது. ஆம்ட்ராக்கில் சேரக் கொடுக்க வேண்டிய தொகையைவிட வண்டியைத் தானே ஓட்டுவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள் என்பது ஒரு பக்கம். தலைவர் கிரஹாம் கிளேட்டருக்கு அந்த வண்டியின் மேல் இருந்த பிடிப்பு இன்னொரு பக்கம். பச்சை எஞ்சின், சாப்பாட்டுப் பெட்டியில் வெள்ளைத் துணி விரித்த மேசை. நாடே ரயிலைக் கைவிட்ட காலத்தில் இந்த ஒரு வண்டி மிடுக்கோடு ஓடியது. ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் கையைக் கடித்தது. 1979 பிப்ரவரி 1 அன்று சதர்னும் வண்டியை ஆம்ட்ராக்கிடம் கொடுத்தது. சொந்த வண்டி அன்று முதல் அதே பாதையில் குடித்தனக்காரர் ஆயிற்று.

கிளேட்டரின் கதை இன்னும் சுவையானது. 1945-இல் பசிபிக் கடலில் மூழ்கிய இண்டியானாபொலிஸ் போர்க்கப்பலின் ஆட்கள் நான்கு நாளாகச் சுறாக்களுக்கிடையே மிதந்துகொண்டிருந்தபோது, உத்தரவுக்குக் காத்திராமல் முழு வேகத்தில் கப்பலை விட்டுக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்த கப்பல் தலைவர் இவர். எதிரி நீர்மூழ்கி பார்த்துவிடுமே என்று பார்க்காமல் தேடுவிளக்கை வானத்தை நோக்கி எரியவிட்டார், மிதப்பவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று. 1982-இல் ஆம்ட்ராக்கின் தலைவராக வந்து 1993 வரை இருந்தார். வீட்டுக்காரராக இருந்தவரே குடித்தனக்காரரின் தலைவரானார். அவர் வந்த அதே 1982-இல் சதர்ன், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியோடு இணைந்து நார்ஃபோக் சதர்ன் ஆனது. புதிய வீட்டுக்காரருக்கு அந்தப் பழைய வண்டியின் மேல் தனிப் பாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இரவு ஏற ஏற வண்டி வெர்ஜீனியாவின் தெற்கு விளிம்பிலுள்ள டான்வில்லை நெருங்குகிறது. 1903 செப்டம்பரில் இங்கே 97-ஆம் எண் தபால் வண்டி மரப்பாலத்திலிருந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். தபால் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் இருந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்கப் போய் ஓட்டுநர் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது. அன்று சதர்ன் ரயில்வேக்கு ஒரு நிமிடத் தாமதமும் பணம். இன்று கிரெசண்ட் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பாதைக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரத்துக்கு விட்டால் ஆம்ட்ராக் சிறிது ஊக்கத்தொகை கொடுக்கிறது. அது ஒரு கூட்ஸ் வண்டியின் வருமானத்துக்கு முன்னால் எடுபடாது.

டான்வில்லிலிருந்து கிரீன்ஸ்பரோ வரையுள்ள பாதை உள்நாட்டுப் போரின் நடுவே, 1864-இல் தென்மாநிலக் கூட்டமைப்பு அவசரமாகப் போட்டது. கிரீன்ஸ்பரோவில் வந்து சேர்ந்த பாதைக்கும் அங்கே ஏற்கனவே இருந்த பாதைக்கும் அகலம் வேறு. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. தெற்கில் பெரும்பாலும் ஐந்தடி அகலம், வடக்கில் அதைவிடக் குறைவு. இந்த வேறுபாட்டை ஒழித்த விதம், மீட்டர் கேஜ் மாறுவதற்காக ஆண்டுக்கணக்கில் ரயிலில்லாமல் இருந்த நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். 1886 மே 31, ஜூன் 1. சுமார் 36 மணி நேரம். ஏறத்தாழ 18,500 கி.மீ. பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே தள்ளி ஆணி அடித்தார்கள். பல வாரம் முன்பே ஆணிகளைப் பாதி பிடுங்கி, புதிய இடத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். பதினாயிரக்கணக்கான கூலிகள் ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.

கிரீன்ஸ்பரோவில் எண் 19 தெரியாமல் இன்னொரு வீட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஷார்லட் வரை, சுமார் 150 கி.மீ., நார்ஃபோக் சதர்னே குடித்தனக்காரர். பாதையின் சொந்தக்காரர் நார்த் கரோலினா ரயில்ரோடு கம்பெனி. 1849-இல் வடகரோலினா மாநிலத்தின் பணத்தோடு தொடங்கிய கம்பெனி அது. மலையடிவாரத்திலிருந்து கடல் வரை 500 கி.மீ.க்கு மேல் நீளம். 1871-இல் இதைக் குத்தகைக்கு விட்டார்கள். 1895-இல் சதர்ன் 99 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. குத்தகை முடிந்து பல சுற்றுப் பேச்சு நடந்து, நார்ஃபோக் சதர்னுக்கு ஓடும் உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1998-இல் தனியார் கையிலிருந்த பங்குகளையும் வாங்கி மாநிலம் முழு உரிமையாளர் ஆனது.

இந்தப் பாதையைப் போட்ட கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1850களில் மண் வெட்டி, கட்டை அடுக்கி, தண்டவாளம் பதித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஒப்பந்தக்காரர்கள் அவர்களை எஜமானர்களிடமிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்தார்கள், கூலி எஜமானருக்குப் போனது. தண்டவாளத்துக்கு உரிமையாளர் யார் என்று இன்று கேட்கிறோம். அன்று தண்டவாளம் போட்டவர்களுக்கே உரிமையாளர் இருந்தார்.

இந்த 150 கி.மீ.தான் வாஷிங்டனுக்குத் தெற்கே எண் 19 கொஞ்சம் மூச்சுவிட்டு ஓடும் இடம். காரணம் எளிது. சதர்ன் 1919-இல் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வரை இரட்டைப் பாதை போட்டு முடித்திருந்தது. பின்னாளில் தொலைவிலிருந்து சிக்னல் இயக்கும் முறை வந்ததும், பல இடங்களில் ஒரு பாதையைப் பிடுங்கி ஒற்றையாக்கினார்கள். பராமரிப்புச் செலவு மிச்சம், வரி மிச்சம். கம்பெனியின் பார்வையில் தப்பில்லை. வடகரோலினா அரசு 2010களில் மத்திய அரசிடமிருந்து 500 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கி, கிரீன்ஸ்பரோவுக்கும் ஷார்லட்டுக்கும் இடையே பிடுங்கிய இரண்டாம் பாதையைத் திரும்பப் போட்டது. பெரும்பாதையில் மற்றப் பல இடங்கள் ஒற்றையாகவே கிடக்கின்றன.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று லூப்பில் ஒதுங்க வேண்டும். யார் ஒதுங்குவது? இங்கேதான் மொத்தக் கதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தெளிவாகச் சட்டம் போட்டது: அவசர நிலை தவிர, பயணி வண்டிக்கே முன்னுரிமை. ஆனால் சிக்னலைப் போடுவது நம் ஊர் செக்‌ஷன் கண்ட்ரோலர் மாதிரி ஒருவர், அவருக்குச் சம்பளம் கொடுப்பது கூட்ஸ் கம்பெனி. அதைவிடப் பெரிய சங்கதி வண்டியின் நீளம். எஞ்சினும் ஆளும் மிச்சமாகும் என்று கம்பெனிகள் இரண்டு மூன்று சரக்கு வண்டிகளை ஒன்றாகக் கோக்கத் தொடங்கின. அரசின் தணிக்கை அமைப்பு 2019-இல் கொடுத்த அறிக்கைப்படி, இரண்டு பெரிய கம்பெனிகளில் சராசரி நீளம் 2008-க்குப் பிறகு நூற்றுக்கு 25 கூடி ஏறக்குறைய 2 கி.மீ. ஆகியிருந்தது. சில வண்டிகள் கிட்டத்தட்ட 5 கி.மீ. நம் கூட்ஸ் வண்டி சுமார் 700 மீட்டர்தான் இருக்கும், லூப்பும் அதற்கேற்ற நீளம். அங்கே லூப்புகள் பழைய நீளத்திலேயே இருக்க, வண்டிகள் மட்டும் வளர்ந்துவிட்டன. லூப்புக்குள் கொள்ளாத வண்டி ஒதுங்க முடியாது. எனவே குட்டையான கிரெசண்ட்தான் ஒதுங்குகிறது. எந்த அதிகாரியும் சட்டத்தை மீறி உத்தரவு போட வேண்டியதில்லை. வண்டியின் நீளமே அதைச் செய்துவிடுகிறது.

சட்டம் மீறப்பட்டால் ஆம்ட்ராக் நேரே வழக்குப் போட முடியாது. மத்திய அரசின் நீதித்துறைதான் போட வேண்டும். ஐம்பது ஆண்டில் இரண்டு முறைதான் போட்டது. முதலாவது 1979-இல், சன்செட் லிமிடெட் வண்டியைக் காக்கவைத்ததற்காக சதர்ன் பசிபிக் மேல். இரண்டாவது 2024 ஜூலையில், நார்ஃபோக் சதர்ன் மேல், நம் எண் 19-இன் பொருட்டு. 2023-இல் தெற்கே போன கிரெசண்ட் வண்டிகளில் நூற்றுக்கு 24 மட்டுமே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்றது அரசின் மனு. கம்பெனியின் சங்கதியையும் சொல்ல வேண்டும். தன் பணத்தில் போட்டு, தானே பராமரித்து, சொத்துவரியும் கட்டும் பாதையில், அடக்கச் செலவை மட்டும் கொடுத்துவிட்டு ஒருவர் முதல் வரிசை கேட்கிறார் என்பது அவர்கள் ஆற்றாமை. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பயணி நட்டத்தை இறக்கி வைத்ததற்கு ஒப்புக்கொண்ட விலை அது. விலையை மறந்துவிட்டுச் சலுகையை மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆம்ட்ராக்கிடம் ஒரு பிரம்மாஸ்திரமும் உண்டு. பெரும்பாலும் உறையை விட்டு எடுப்பதில்லை. 1987-இல் வெர்மான்ட் வழியே கனடாவுக்குப் போன மாண்ட்ரியலர் என்ற இரவு வண்டி நின்றது. பாஸ்டன் அண்ட் மெய்ன் கம்பெனிக்குச் சொந்தமான சுமார் 78 கி.மீ. பாதை அவ்வளவு மோசம். ஆம்ட்ராக், ரயில் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்திடம் போனது. கம்பெனி பாதையை விற்றே தீர வேண்டும் என்று 1988-இல் உத்தரவு வந்தது. ஏறத்தாழ 23 லட்சத்து 70 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய ஆம்ட்ராக், உடனே அதைச் சீர்செய்து நடத்த ஒப்புக்கொண்ட சென்ட்ரல் வெர்மான்ட் கம்பெனிக்குக் கைமாற்றியது. ஒரு தனியாரிடமிருந்து பிடுங்கி இன்னொரு தனியாருக்குக் கொடுப்பதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992-இல் தீர்ப்பு ஆம்ட்ராக் பக்கம். நாட்டின் மறுகோடியில் நடந்த கதைதான். ஆனாலும் வீட்டுக்காரர்களுக்கு அது மறந்திருக்காது.

பொழுது விடிந்து அட்லாண்டா. நார்ஃபோக் சதர்னின் தலைமையகமும், சிக்னல் கட்டுப்பாட்டு மேசைகளும் இந்த நகரத்தில்தான். இரவு முழுக்க எண் 19 நின்றதும் நகர்ந்ததும் இங்கிருந்து போட்ட சிக்னலில்தான். வண்டி நிற்பதோ பீச்ட்ரீ ஸ்டேஷன் என்ற சிறு கட்டடத்தில். புறநகர்ப் பயணிகளுக்காக 1918-இல் சதர்ன் கட்டியது. நகரத்தின் பெரிய டெர்மினல் ஸ்டேஷனை எழுபதுகளின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் மத்திய அரசின் அலுவலகக் கட்டடம் நிற்கிறது.

அலபாமா, மிசிசிப்பி. பர்மிங்ஹாம், டஸ்கலூசா, மெரிடியன், ஹாட்டீஸ்பர்க். இந்தப் பகற்பொழுதில் சொல்ல அதிகம் இல்லை. பைன் காடு, லூப்பில் காத்திருப்பு, மறுபடி பைன் காடு.

ஸ்லைடலுக்குப் பிறகு காடு விலகி, பாதை பான்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்குள் இறங்குகிறது. 9 கி.மீ.க்கு மேல் நீளமான தாழ்ந்த பாலம், 1880களில் கட்டியது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கட்ரீனா புயல் இதன் மேலிருந்த தண்டவாளத்தைக் கட்டைகளோடு அப்படியே பெயர்த்து ஏரியில் தள்ளியது. நார்ஃபோக் சதர்ன் கிரேன்களைக் கொண்டுவந்து, நீரிலிருந்து தூக்கித் திரும்பப் பாலத்தின் மேல் வைத்தது. இரண்டு வாரம் போல்தான் ஆயிற்று. கூட்ஸ் கம்பெனிகளைக் குறை சொல்பவர்கள் இந்த இரண்டு வாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பாதை, சொந்தச் சரக்கு என்றால் அவர்கள் வேலை செய்யும் வேகத்துக்கு ஈடில்லை.

நியூ ஆர்லியன்ஸ் யூனியன் பாசஞ்சர் டெர்மினல் 1954-இல் திறந்தது, நகராட்சிக்குச் சொந்தம். கடைசி வீட்டுக்காரர் ஒரு நகரம். இங்கேதான் கட்ரீனாவின் இன்னொரு பாதி தெரிகிறது. வளைகுடாக் கரையோரமாகக் கிழக்கே போகும் பாதை சி.எஸ்.எக்ஸுடையது. அதையும் புயல் சிதைத்தது. சில மாதங்களில் கம்பெனி அதைச் சீர்செய்து கூட்ஸ் விட்டது. அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த பயணி வண்டி மட்டும் திரும்பவில்லை. இடமில்லை என்றார்கள், கூடுதல் பாதைக்கு மிகப் பெரிய தொகை வேண்டும் என்றார்கள். 2021-இல் ஆம்ட்ராக் ரயில் ஒழுங்கு வாரியத்திடம் சி.எஸ்.எக்ஸ்., நார்ஃபோக் சதர்ன் இரண்டின் மேலும் முறையிட்டது. நாள்கணக்கில் விசாரணை நடந்தது. 2022 நவம்பரில் சமரசம். 2025 ஆகஸ்ட் 18 அன்று நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமாவின் மொபைலுக்கும் இடையே நாளொன்றுக்கு இரண்டு நடை ஓடத் தொடங்கியது. லூசியானாவும் மிசிசிப்பியும் மொபைல் நகராட்சியும் செலவில் பங்கு போடுகின்றன. தண்டவாளம் சீராக ஆனது சில மாதம், அதன் மேல் பயணியை ஏற்ற ஆனது இருபது ஆண்டு.

புயலுக்கு முன் அந்த வண்டி மொபைலோடு நின்றதில்லை, ஃப்ளோரிடாவுக்குள்ளும் போனது. ஃப்ளோரிடாவில் அந்தப் பாதையின் பெரும் பகுதியை சி.எஸ்.எக்ஸ். 2019-இல் ஒரு சிறிய கம்பெனிக்கு விற்றுவிட்டது. அங்கே மறுபடி பயணி வண்டி விட நினைப்பவர்கள் புதிய வீட்டுக்காரரிடம் முதலிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.